இடப்பக்கத்துக் கட்டங்கள்

பத்திரிகைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கறம்பக்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பெயர் வசந்தா. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவது என் பழக்கம். கல்லூரிக்குப் போனவள் இல்லை நான். எனக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்தக் கட்டங்களுக்குள்ளிருந்து வந்தது. களிறு என்றால் ஆண் யானை, பிடி என்றால் பெண் யானை. ஐயம் என்றால் சந்தேகம், பிச்சை என்றும் ஒரு பொருள் உண்டு. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, புதிரின் குறிப்புகளிலிருந்து பொறுக்கிக்கொண்டவை.

போடாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் புதிரில் சொற்கள் நான்கு பக்கமும் ஓடும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு, வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் வரும். அந்த வலமிருந்து இடம்தான் எனக்கு முதலில் கெட்டது. களிறு என்று விடை தெரிகிறது. க எழுதினேன், ளி எழுதினேன், று எழுதக் கட்டம் இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சொல்லின் வால் ஒவ்வொன்றும் காகிதத்துக்கு வெளியே தொங்கியது.

"இவனுகளுக்குக் கட்டம் போடவே தெரியல. புதுசா யாரையோ வேலைக்கு வச்சிருக்கானுக போல" என்று ஆரோக்கியமேரியிடம் சொன்னேன். மேரி எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர். குறிப்பை அவள் வாசிப்பாள், விடையை நான் சொல்வேன், அப்படி ஒரு கூட்டு எங்களுக்கு.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கிட்டுக் கட்டம் கெடக்கேக்கா" என்றாள். விரல் வைத்த இடத்தில் உண்மையிலேயே கட்டம் இருந்தது. எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பேனாவால் வரைந்துவிட்டாளோ?

அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம்தான். என் ஓரகத்தி மல்லிகா, கொழுந்தனாரின் மனைவி, மணமேல்குடியில் இருக்கிறாள். அவள் மகள் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் என் இலைக்கு மட்டும் உப்பும் ஊறுகாயும் வரவில்லை. பொரியலும் வரவில்லை. பக்கத்து இலையைப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. பரிமாறியது மல்லிகா. போன வருடம் ஒரு சின்ன மனத்தாங்கல். அதை மனதில் வைத்துக்கொண்டு இலையில் காட்டுகிறாள் என்று முடிவு செய்து, வாயைத் திறக்காமல் சப்பென்று தின்றுவிட்டு எழுந்தேன்.

வண்டியில் வரும்போது என் கணவர் முருகேசன் சொன்னார்: "ஒன் எலையில எல்லாம் இருந்துச்சேம்மா. நீ தொடவே இல்ல. புடிக்கலபோலன்னு நெனச்சேன்."

"ஒங்க தம்பி பொண்டாட்டிய விட்டுக்குடுப்பீங்களா?" என்றேன். இலையில் உப்பும் ஊறுகாயும் எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பிறகு இடது தோள் அடிக்கடி நிலைக்கதவில் இடித்தது. ஒருநாள் ஸ்கூட்டியில் போகும்போது, நின்றுகொண்டிருந்த மினிவேனில் இடப்பக்கக் கண்ணாடியை உரசி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. அந்த வண்டிக்காரர் திட்டினார். நானும் விடவில்லை, அவர்தான் திடீரென்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று சாதித்தேன். வண்டி காலையிலிருந்து அங்கேயே நின்றதாகக் கடைக்காரர் சொன்னார். அவரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன்.

கட்டுப் போட்ட கையோடு பள்ளிக்குப் போனேன். மேரி என்னை உட்காரவைத்து அன்றைய புதிரை முன்னால் வைத்தாள்.

"அக்கா, மேல் வரிசையில எத்தன கட்டம்? எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். "நாலு."

அவள் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். "இப்ப அதே வரிசைய எண்ணுங்க."

இப்போதும் நாலுதான். ஆனால் நான் எழுதிய எழுத்துகளில் பாதியைக் காணோம். அதற்குப் பதில், வலது ஓரத்தில் நான் பார்த்தே இராத காலிக் கட்டங்கள் நின்றன. இத்தனை நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. பத்திரிகைக்காரன் ஏமாற்றவில்லை. மேரி வரையவில்லை.

"ஆறுக்கா" என்றாள் மேரி மெதுவாக. "மாமாவுக்குப் போன் போடவா?"

மறுநாளே புதுக்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ஒரு பெட்டிக்குள் தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பார்வை எதுவரை எட்டுகிறது என்பதற்கான சோதனை அது. ஒரு கண்ணை மூடி ஒன்று, அடுத்த கண்ணை மூடி ஒன்று. முடிவில் டாக்டர் ஒரு படத்தை என் வலப்பக்கமாகப் பிடித்துக் காட்டினார். இரண்டு வட்டம், இரண்டிலும் இடது பாதி கறுப்பு.

"கண்ணு ரெண்டும் நல்லாருக்குங்கம்மா" என்றார் டாக்டர். "கண்ணு பாக்குறத மூளைதான் படிக்கிது. இடப்பக்கக் காட்சிய மூளையோட வலது பின்பக்கம் படிக்கும். அந்த எடத்துல என்னன்னு பாக்கணும். எம்ஆர்ஐ எடுத்துருங்க."

வெளியே வந்ததும் முருகேசனிடம் சொன்னேன். "கண்ணு நல்லாருக்காம், ஸ்கேன் எடுக்கணுமாம். ஸ்கேன்காரனுக்கும் இவருக்கும் ஏதோ இருக்கு."

அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர், இப்போது ஊரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார். "இருந்துட்டுப் போகட்டும். உள்ள என்னன்னு பாக்காம எப்புடிச் சரிபண்றது?" என்றார்.

எம்ஆர்ஐ என்பது ஒரு குழாய். உள்ளே தள்ளிவிட்டுத் தகரக் கொட்டகையில் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கிறார்கள். அசையக்கூடாது. எனக்கு அந்தச் சத்தத்தைவிட வேறொன்றுதான் பயமாக இருந்தது. உள்ளே போகும்போது ஸ்கேன் எடுக்கும் பையன், "ஏறிப் படுங்க, ஆடாதீங்க" என்று எரிந்து விழுந்தான். வெளியே எடுக்கும்போது, "மெதுவா எறங்குங்கம்மா, அவசரமில்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டான். செருப்பைக்கூட எடுத்து வைத்தான். இடையில் அவன் கணினியில் எதைப் பார்த்தான்?

அன்றிலிருந்து யாராவது அன்பாகப் பேசினாலே எனக்குக் கலக்கம்தான்.

கண் டாக்டர் எங்களை அனுப்பிவைத்த அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். இந்த வயதில் என்ன அனுபவம் இருக்கும் என்று மனம் கேட்டது. அவர் படத்தைத் திரையில் போட்டார். மூளையின் ஓரத்தில் வெள்ளையாக, எலுமிச்சம்பழம்போல் ஒன்று.

"மூளைய மூடி ஒரு சவ்வு இருக்கும்மா. அந்தச் சவ்வுல வளர்ந்த கட்டி இது. மெனிஞ்சியோமான்னு சொல்வோம். மூளைக்குள்ள இல்ல, வெளிய இருந்து அமுக்குது. அதனாலதான் இடப்பக்கம் தெரியல, இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குங்கற நெனப்பும் குறைஞ்சுபோச்சு."

சவ்வு என்றதும் ஒரு பழைய குறிப்பு ஞாபகம் வந்தது: 'மெல்லிய தோல், அரிசியோடு சேர்ந்தால் பாயசத்துக்கு ஆகும்.' தலைக்குள் கட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குச் சவ்வரிசிப் பாயசம் ஞாபகம் வருகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கேன்சரா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் இல்ல. ஆனா எடுத்து, அதுல ஒரு துண்ட நுண்ணோக்கியில வச்சுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். முழுதாக இல்லை என்றால் இல்லை என்றல்லவா சொல்வார்கள்?

புதுக்கோட்டையிலேயே அந்த டாக்டர் இருக்கும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பல சோதனைகள், இரத்தம், இதயப் படம், மார்புப் படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசலில் காத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் காத்திருக்கும் கூடத்தில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் ரிப்போர்ட் உறையின் தடிமனைத்தான் பார்க்கிறார்கள். என்னுடையது தடிமனாக இருந்தது. காப்பீட்டு அட்டைக்காக முருகேசன் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்தார். அவர் முகத்திலிருந்து எதையாவது படித்துவிடலாம் என்று பார்ப்பேன். ஒன்றும் கிடைக்காது.

மகள் திவ்யா ஓசூரிலிருந்து வந்தாள். பெரிய பெட்டியோடு வந்தாள். ஒரு வாரத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி? முருகேசன் போன் வந்தால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். நான் கண் திறந்தால் பேச்சு நின்றது. மணமேல்குடியிலிருந்து மல்லிகா வந்தாள், தூக்குச்சட்டியில் மிளகு ரசத்தோடு. டாக்டர் சொன்னதை முருகேசன் அவளிடம் சொல்லியிருக்கிறார். தட்டில் ஊறுகாயை வலப்பக்கமாக வைத்துவிட்டு, "இப்பத் தெரியுதாக்கா? பெறகு நான் வைக்கலன்னு சொல்லக்கூடாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஊறுகாய்க்கு யார் அழுவார்கள்?

புதிர் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விடையை மட்டும் நம்பமாட்டோம். குறுக்கே ஓடும் சொல்லும் பொருந்தினால்தான் பேனாவால் எழுதுவோம். நான் அதையே செய்தேன். ஒவ்வொருவரையும் தனியாக இருக்கும்போது கேட்டேன்.

முருகேசன்: "சின்னக் கட்டிதான். எடுத்தா எல்லாம் பழையபடி ஆயிரும்."

திவ்யா: "கொஞ்சம் பெரிசுதாம்மா. ஆனா எடுக்க வசதியான எடத்துல இருக்காம்."

மல்லிகா: "உசுரு தப்புனாப் போதும்க்கா. மத்ததப் பெறகு பாத்துக்கலாம்."

பெரிதும் சிறிதும் பொருந்தவில்லை. பழையபடி ஆகிவிடும் என்பதும் மற்றதும் பொருந்தவில்லை. மற்றது என்றால் எது? எனக்கு விடை தெரிந்துவிட்டதாகவே பட்டது. புற்றுநோய். டாக்டர் இவர்களிடம் சொல்லிவிட்டார். எல்லோரும் சேர்ந்து என்னை மூடி வைத்திருக்கிறார்கள். ஐயத்தின் இரண்டு பொருளும் அன்று எனக்குப் பொருந்தின. சந்தேகத்தோடு ஆள் ஆளாக உண்மையைப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முருகேசன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வெயில் சன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்திருந்தது.

"ஏங்க, மத்தது என்னங்க?"

"எது?"

"மல்லிகா சொன்னா. மத்ததப் பெறகு பாத்துக்கலாமாம். எனக்கு எத்தன மாசம்னு சொல்லியிருக்காங்க?"

அவர் கையிலிருந்த சுளை கீழே விழுந்தது. "என்ன பேச்சு பேசுற நீ? அப்புடியெல்லாம் ஒண்ணுமில்ல."

"திவ்யா தலையில அடிச்சுச் சொல்லுங்க."

விழுந்த சுளையைக் குனிந்து எடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இடப்பக்கப் பார்வ திரும்ப வராமயே போகலாமாம். கட்டிய எடுத்தாலும். ரொம்ப நாளா அமுக்கி இருக்குல்ல. ஆபரேஷன்ல இன்னும் கொஞ்சம் கொறையவும் செய்யலாமாம். அது தெரிஞ்சா நீ கையெழுத்துப் போடமாட்டேன்னு நான்தான் யாரும் சொல்லக்கூடாதுன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீ வேற என்ன நெனச்ச?"

நான் என்ன நினைத்தேன் என்று சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். குவைத்துக்குப் போகும்போதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் கோபம். பாதிப் பார்வை போகப்போகிறது, அது என் கண், என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னேன். "வேண்டாம்னு வீட்டுக்குப் போயிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார். "மெதுவா வளரும். இன்னும் அமுக்கும். வலிப்பு வரலாம். இப்ப இருக்குற பார்வையும் கை கால் பலமும் கொறையலாம். எடுத்துட்டா அது நிக்கும். போன பார்வ வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா."

சத்தியம் பண்ண முடியாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. நானே கையெழுத்துப் போட்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் புதிரில் ஒரு குறிப்பு: 'மருத்துவர் செய்தால் குணமாகும், நண்பர் செய்தால் தூக்கம் வரும்.' மூன்றெழுத்து. திவ்யா வாசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் "அறுவை" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தலைமுடியை மழிக்க ஆள் வந்தது. பின்மண்டையில் ஒரு பக்கம் மட்டும்தான். விழுந்த முடியைத் திவ்யா காகிதத்தில் கூட்டி எடுத்தாள், என் கண்ணில் படாமல். பட்டது.

அடுத்தது எனக்குக் குழப்பமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது முகம் வீங்கி, கண் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. தலை முழுக்கக் கட்டு. யாரோ கையை அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினேன். வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அந்த மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், மனதில் இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும் என்று டாக்டர் வீட்டாரிடம் முன்பே சொல்லியிருந்தாராம். "அவளுக்கு அது மருந்து இல்லாமயே வரும் டாக்டர்" என்றாராம் முருகேசன். டிரிப்ஸ் பாட்டிலை மாற்றும் நர்ஸ் அடுத்த நோயாளிக்குரியதை எனக்கு ஏற்றுகிறாள் என்று நம்பி, ஒவ்வொரு தடவையும் என் பெயரைப் படித்துக் காட்டச் சொன்னேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் படித்தாள்.

வார்டுக்கு மாற்றியதும் திவ்யா தினமும் புதிரை வாசித்தாள். கண் திறக்க முடியாததால் நான் விடை மட்டும் சொல்வேன். ஒருநாள் அவள் கேட்டாள்: "புதுக்கோட்டையிலேருந்து ஆலங்குடி போற வழியில, பழைய சிவன் கோயில் இருக்குற ஊரு. எட்டு எழுத்து."

"திருவரங்குளம்" என்றேன். சொன்ன பிறகு எனக்குப் பொறி தட்டியது. "ஏய், சென்னையில உக்காந்துக்கிட்டுப் புதிர் போடுறவனுக்குத் திருவரங்குளம் எப்புடித் தெரியும்? இது பேப்பர்ல இல்ல. நீயா சொல்ற."

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "திவ்யா?"

"இன்னைக்குப் பேப்பர் வரலம்மா. நேத்துப் பத்திரிகைக்கு லீவு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நீ எழுத்து எண்ணிச் சொல்றியா, ஞாபகம் இருக்கா, என் திருட்டக் கண்டுபுடிக்கிறியான்னு பாத்தேன். கண்டுபுடிச்சிட்டம்மா." என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கட்டியின் துண்டைச் சோதித்த முடிவு வர நாளாயிற்று. வந்ததும் டாக்டர் சொன்னார்: புற்றுநோய் இல்லை, இந்த வகைக் கட்டியிலேயே சாதுவான முதல் படிநிலை, முழுதாக எடுத்தாயிற்று, ஆனாலும் வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். முருகேசன் சந்தோஷத்தில் டாக்டர் மேசையிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் அந்த முடிவைப் போனில் படம் எடுத்து மேரிக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டார் யாரும் அவளிடம் பேசுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன்.

"மேரி, என்ன போட்டிருக்கு? உள்ளதச் சொல்லு."

"டாக்டர் சொன்னதேதான்க்கா. ஒரு எழுத்துகூட மாறல" என்றாள். அப்புறம்தான் அழுதேன்.

இடப்பக்கப் பார்வையில் கொஞ்சம் திரும்பி வந்தது, மேல்பக்கம் மட்டும். கீழ்ப்பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வைக்குப் பயிற்சி கொடுத்த பெண், தாளின் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போடச் சொன்னாள். கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இப்போது புதிர் முடிக்க முன்னைவிட நேரமாகிறது. முடிக்கிறேன். ஸ்கூட்டியை விற்றாயிற்று. பள்ளிக்கு மேரியோடு போய் வருகிறேன்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள், இடப்பக்கம் இருட்டாகத் தெரியுமா என்று கேட்கிறார்கள். இருட்டாகத் தெரிந்தால் எவ்வளவோ நல்லது. ஒன்றுமே குறைவில்லாததுபோல்தான் தெரிகிறது. அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை, நீ போகலாம் என்று கண் சொல்கிறது. நான் அதை நம்புவதில்லை. மனிதர்கள்மேல் இருந்த சந்தேகமெல்லாம் இப்போது என் கண்மேல்தான்.

போன வாரம் சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய் வாங்கிவிட்டுத் திரும்பினால் முருகேசனைக் காணோம். வலப்பக்கம் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். கூட்டத்தில் என்னை விட்டுவிட்டு எவனோடோ பேசப் போய்விட்டார் என்று கோபம் பொங்கியது.

"ஏங்க! எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று சத்தம் போட்டேன்.

"இங்கிட்டுத்தான நிக்கிறேன்" என்று காதருகே குரல் கேட்டது.

தலையை முழுக்கத் திருப்பினேன். இடப்பக்கம், தோளோடு தோளாக, பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு சைக்கிள்காரரை ஒதுங்கிப் போகச் சொல்லி அவருடைய மறு கை நீண்டிருந்தது.

"எப்ப வந்தீங்க இங்கிட்டு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து இங்கிட்டுத்தான் வாரேன்" என்றார். "வா, தக்காளி வாங்கணும்."